எர்னி தோண்டிய மூலை

27, மில்பேங்க் தெரு,
டாட்மர்டன்.
பிப்ரவரி 6, 2023

அன்புள்ள நாரிஸ்,

நலமாக இருக்கிறாயா? கிறிஸ்துமஸுக்கு வந்த உன் வாழ்த்து அட்டையில் கையெழுத்தைத் தவிர ஒரு சொல் இல்லை. உன் மனைவி ஹில்டா உயிரோடு இருந்தவரை உன் வீட்டிலிருந்து இரண்டு பக்கமாவது வரும். கை நடுங்குகிறது என்கிறாய், சரி. போனில் கூப்பிட்டால் உனக்குக் காது கேட்காமல் நீ போடுகிற சத்தத்தில் என் பூனை அலமாரி மேல் ஏறிக்கொள்கிறது. அதனால்தான் கடிதம். யாரையாவது எழுதச் சொல்லிப் பதில் போடு.

என் இடுப்பு போன வருஷத்தைவிட மோசம். மாடிப்படி பதின்மூன்று. ஒவ்வொரு படியையும் பெயர் வைத்துத் திட்டிக்கொண்டே ஏறுகிறேன். டாக்டர் சொல்லிவிட்டார், படுக்கையைக் கீழே கொண்டு வா என்று. கீழே எங்கே? முன் அறைக்கு வெளியேதான் பஸ் நிற்கிறது. அப்போதுதான் தோன்றியது, நீயும் என் எர்னியும் சேர்ந்து கட்டிய பின்பக்கக் கண்ணாடி அறை. அண்ணனும் தம்பியுமாக இரண்டு சனி ஞாயிறில் எழுப்பியது. ஜூலையில் அங்கே உட்கார்ந்தால் தக்காளி மாதிரிப் பழுத்துவிடுவோம். ஜனவரியில் தேநீர் கோப்பையிலேயே ஆறிப்போகும். மழை பெய்தால் அந்த பிளாஸ்டிக் கூரையில் விழும் சத்தத்தில் டிவியில் ஆள் வாயசைப்பதுதான் தெரியும். ஆனாலும் தோட்டம் தெரிகிற அறை அது ஒன்றுதான்.

டங்கன் என்று ஒரு பில்டர். பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு, மரச்சட்டம் வைத்து, குளிர் தாங்குகிற பலகை அடித்து, மேலே ஓடு பதித்துத் தருகிறேன் என்கிறான். சாதாரண அறை போலவே ஆகிவிடுமாம். ஆனால் பிளாஸ்டிக் பஞ்சு மாதிரி லேசு, ஓட்டுக் கூரை பெரிய கனமாம். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று தெரிந்தால்தான் கட்டட அனுமதி தருகிற கவுன்சில் ஆள் சம்மதிப்பான். "வரைபடம் இருக்காம்மா? இல்லாட்டி மூலையில ஒரு குழி தோண்டிப் பாக்கணும்" என்றான். உனக்குத்தான் எல்லாம் நினைவிருக்குமே. எவ்வளவு ஆழம்?

கதவு மூலை இறங்கிக் கிடப்பதைப் பற்றி அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் கைங்கரியம் என்று. இன்றைக்கும் தோளை வைத்து இடித்தால்தான் தோட்டத்துக்குப் போக முடிகிறது.

அன்புடன்,
மேவிஸ்


ஸ்கார்பரோ,
பிப்ரவரி 15, 2023

அன்புள்ள மேவிஸ் பெண்ணே,

நான் சொல்லச் சொல்ல, இந்த முதியோர் விடுதியில் அடுத்த அறையில் இருக்கும் வின்னி எழுதுகிறாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் பிரிவுக்கு முப்பது வருஷம் மேற்பார்வை பார்த்தவள். கறை எதுவும் இவள் கண்ணுக்குத் தப்பாது. கை நடுக்கம் அப்படியேதான் இருக்கிறது.

இடுப்பு விஷயம் கேட்டு மனசு கஷ்டப்பட்டது. ஆனால் கூரை மாற்றுகிற யோசனை வேண்டாம் என்று நினைக்கிறேன். யோசித்துப் பார். மேலே ஓடு வந்தால் நடு அறைக்கு வரும் வெளிச்சம் அத்தனையும் போய்விடும். பட்டப்பகலில் விளக்கு போடுவாய். எர்னி அங்கே நாற்றுத் தொட்டி வைத்தது வெளிச்சம் இருந்ததால்தானே? முன் அறையில் படுக்கையைப் போடு, கனமான திரை ஒன்று மாட்டு. பஸ் சத்தம் பழகிவிடும். இங்கே எனக்குக் கடல் பறவைச் சத்தம் பழகவில்லையா?

கட்டிய நாட்கள் நன்றாக நினைவிருக்கிறது. மே மாத முதல் சனிக்கிழமை. காலையில் பனி மூட்டம், ஒன்பது மணிக்கு விலகியது. நீ பச்சை மேலங்கி போட்டிருந்தாய், இடது பையில் கிழிசல். மத்தியானம் பன்றி இறைச்சி அடைத்த ரொட்டி, ஊறுகாய் வெங்காயம். எர்னி இரண்டு ரொட்டி தின்றுவிட்டு ஒன்றுதான் என்று சாதித்தான். கான்கிரீட் வண்டிக்காரன் பெயர் பெர்சி, ஒற்றைக் காதில் பஞ்சு வைத்திருந்தான்.

ஆழம் எவ்வளவு என்றுதான் நினைவில்லை.

என்றும் உன்,
நா. தாக்ரே

(மேவிஸ் அம்மாவுக்கு வின்னி எழுதுவது: வண்டிக்காரன் காதுப் பஞ்சு வரை நினைவிருக்கிறதாம், ஆழம் மட்டும் நினைவில்லையாம். இதை எழுதாதே என்றார். எழுதிவிட்டேன்.)


டாட்மர்டன்,
மார்ச் 2, 2023

நாரிஸ்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எனக்கு ஒன்று புரிகிறது. உன் கை வேலையை இன்னொருத்தன் கழற்றப்போகிறான் என்பது உனக்குப் பிடிக்கவில்லை. நேராகச் சொல்லியிருக்கலாம். வெளிச்சம், திரை என்று சுற்றி வளைக்க வேண்டாம்.

நீ எப்போதும் அப்படித்தான். எர்னி அடக்கத்தின்போது பாதிரியார் உன்னிடம் வந்து, "மூத்தவர் நீங்கதான், நீங்க ரெண்டு வரி வாசிச்சா நல்லா இருக்கும்" என்றார். தொண்டை கட்டிவிட்டது என்றாய். பாட்டுப் புத்தகத்தைக்கூட விரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். வெளியே வந்ததும், வின்னி வெளுத்த ஆஸ்பத்திரித் துணி மாதிரி வெளுத்த முகத்தோடு ரயிலைப் பிடிக்க ஓடினாய். தொண்டை கட்டியவன் டாக்ஸிக்காரனிடம் கத்தியது என் காதில் விழுந்தது. நாலு வருஷமாக இதைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை ஐந்தாவது படியில் சறுக்கினேன். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மேலே போகவே பயம். ஒன்பது நாளாக நாற்காலியிலேயே தூங்குகிறேன். கால் இரண்டும் புளித்த மாவு மாதிரி உப்பிக் கிடக்கிறது.

டங்கனுக்கு மே வரை நேரமில்லையாம். விளம்பரம் பார்த்து இன்னொரு ஆளைக் கூப்பிட்டேன். அவன் வந்து அண்ணாந்து பார்த்தான், சுவரை ஒரு உதை உதைத்தான். "குழியும் வேணாம் கவுன்சிலும் வேணாம்மா. நாலே நாள். ஏப்ரல் பதினேழு ஏத்திடறேன்" என்றான். எனக்கும் அதுதான் வசதி. நீ ஒன்றும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டாம்.

மேவிஸ்


ஸ்கார்பரோ,
மார்ச் 6, 2023

மேவிஸ்,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. வின்னி கோட்டைக்கூடக் கழற்றவில்லை, உட்கார வைத்து எழுதச் சொல்கிறேன். இன்றைய தபாலில் சேர வேண்டும்.

அந்த ஆளை வரவிடாதே. குழி தோண்டிப் பார்க்காமல் அந்த அறை மேல் கூரை ஏற்றாதே. கதவுப் பக்கத்து மூலை பலமில்லாதது. பிளாஸ்டிக்கைத் தாங்குகிறது என்றால் அது பிளாஸ்டிக் என்பதால்தான். ஓடு ஏற்றினால் முதல் பனிக்காலத்திலேயே அந்த மூலை இறங்கும், சட்டம் விலகும். அதன் கீழே படுத்திருப்பது நீ. டங்கனைக் கூப்பிடு. நான் கேட்டதாகச் சொல், கெஞ்சியதாகவே சொல். கதவுப் பக்கத்து மூலையில், சுவரிலிருந்து ஒரு கை தள்ளித் தோண்டச் சொல்.

அங்கே எர்னி ஆழமாகத் தோண்டவில்லை. அது உனக்கே தெரிந்ததுதானே.

நா. தாக்ரே

(கடைசி வரியைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவசரம் என்றதால் உறையை நானே ஒட்டி அனுப்புகிறேன். வின்னி.)


டாட்மர்டன்,
மார்ச் 28, 2023

அன்புள்ள நாரிஸ்,

போன கடிதத்தில் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள். நீ சொன்னது சரிதான். டங்கனிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அவர் வேலை தெரிஞ்ச ஆளு" என்று சொல்லி, சனிக்கிழமை தன் விடுமுறையை விட்டுவிட்டு வந்து தோண்டினான். இரண்டடியில் கான்கிரீட் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே கறுப்புச் சாம்பல். கம்பியைக் குத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்குகிறது. "இதுமேல ஓடு ஏத்தியிருந்தா உங்களைத் தோண்டித்தான் எடுத்திருக்கணும்" என்றான். உனக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு.

டங்கன் வரைபடம் கேட்டான் அல்லவா, வீடு முழுக்கத் தேடினேன். எங்கே கிடைத்தது தெரியுமா? எர்னியின் மீன்பிடிப் பெட்டியில். புழு டப்பா வைக்கிற தட்டுக்கு அடியில், சிகரெட் பெட்டி அளவுக்கு மடித்து. நான் கையே வைக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்த ஒரே இடம். வரைபடத்தில் அந்த மூலைக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்:

"இந்த மூலை பழைய மில்லின் சாம்பல் கொட்டிய பள்ளத்தின் மேல் வருகிறது. இங்கே மட்டும் கெட்டி மண் வரும்வரை தோண்டவும். கறுப்பாகத் தெரிந்தால் நிறுத்த வேண்டாம்." கீழே லம் என்று கையெழுத்து.

நாரிஸ், அவருக்குத் தெரிந்திருக்கிறது. சோம்பலால் மண்வெட்டியை வைத்துவிட்டார் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்தேன். அதையாவது சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டேன். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து நாய்ப் பந்தய முடிவுவரை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிற மனுஷன், இந்த மூன்று வரியைப் படிக்காமலா இருந்திருப்பார்? படித்திருக்கிறார். படித்துவிட்டும் தோண்டவில்லை. உன்னிடமும் காட்டாமல் மறைத்திருக்கிறார். அந்த அறையில்தான் என் அம்மாவின் நாற்காலி, கடைசிக் காலத்தில், அந்த மூலையில் இருந்தது.

நான் யாரோடு நாற்பத்தெட்டு வருஷம் வாழ்ந்தேன் என்று தெரியவில்லை. அவர் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டேன். இருபத்து மூன்றாம் தேதி அவர் பிறந்தநாள். கல்லறைக்குப் போகவில்லை. பூ வாங்கிவிட்டேன், வாங்கியதைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டேன்.

உனக்கு அவரைச் சின்ன வயதிலிருந்து தெரியும். ஏன் இப்படிச் செய்தார் என்று நீயாவது சொல்.

மேவிஸ்


ஸ்கார்பரோ,
ஏப்ரல் 11, 2023

மேவிஸ்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. தினமும் வின்னி வந்து, "பதில் போடலாமா?" என்பாள். நாளைக்கு என்பேன். இன்று அவள் கேட்கும் முன்னால் நானே போய்க் கதவைத் தட்டினேன்.

முதலில் ஒன்று. என் கை நடுங்கவில்லை. ஒருபோதும் நடுங்கியதில்லை. இதோ வின்னியின் முன்னால் நீட்டிக் காட்டுகிறேன். எனக்கு எழுதத் தெரியாது. படிக்கவும் தெரியாது. வின்னி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதம்மா, நிறுத்தாதே, நிறுத்தினால் அப்புறம் சொல்லமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் அப்பா கால்வாயில் நிலக்கரிப் படகு ஓட்டியவர் என்பது உனக்குத் தெரியும். நான் அந்தப் படகில் வளர்ந்தவன். ஒரு ஊரில் மூன்று நாள், இன்னொரு ஊரில் நாலு நாள். போன பள்ளிக்கூடங்களில் எல்லாம் என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து நிலக்கரி வாளியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கரிப் பையன் என்று பெயர். அம்மாவுக்கு மார்புச் சளி வந்து நாங்கள் கரையேறி வீடு பிடித்தபோது எர்னிக்கு ஐந்து வயது, எனக்குப் பன்னிரண்டு. அவன் பள்ளிக்கூடம் போனான். நான் கண்ணாடிப் பட்டறைக்குப் போனேன். பிறகு, மாலை வகுப்பில் படித்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன். நம்பினார்கள்.

எண்கள் தெரியும். அளவில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. கையெழுத்து ஹில்டா கற்றுக்கொடுத்தது. அது எழுத்து இல்லை, படம், அப்படியே வரைவேன். மற்ற எல்லாம் ஹில்டாதான். கடையில், ஆஸ்பத்திரியில், "மூக்குக்கண்ணாடியை மறந்துட்டேன், கொஞ்சம் பாருங்க" என்பேன். சாப்பாட்டுக் கடைக்குப் போனால், எர்னி என்ன சொல்கிறானோ அதையே எனக்கும் என்பேன். எர்னி ஈரல் வாங்கினால் எனக்கும் ஈரல். எனக்கு ஈரல் பிடிக்காது, மேவிஸ்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். வரைபடம் போட்டது எங்கள் கம்பெனியில் இருந்த லம். வெள்ளிக்கிழமை மாலை என் கையில் திணித்துவிட்டு, "அந்த மூலையில எழுதியிருக்கேன், பாத்துக்கோ" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சுற்றிலும் 2 என்று போட்டிருந்தது. அது தெரிந்தது. பென்சில் கிறுக்கலில் ஒரு எண் இருந்திருந்தால்கூடப் பிடித்திருப்பேன். வெறும் எழுத்து. ஹில்டாவிடம் காட்டியிருக்கலாம். அன்று அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள்.

எர்னி பள்ளத்துக்குள் நிற்கிறான், நான் மேலே தாளோடு நிற்கிறேன்.

"நாரிஸ், அங்க பென்சில்ல என்னமோ கிறுக்கியிருக்கே, என்னது?"

"பைப்பு கியிப்பு இருக்கும், பாத்துத் தோண்டுன்னு போட்டிருக்கான்."

"இங்க மண்ணு கறுப்பா வருது, பாரு. கரி அடுப்பைக் கொட்டுன மாதிரி. இன்னும் ஒரு அடி போகட்டுமா?"

"கம்பெனிக்காரனை விட உனக்கு ஜாஸ்தி தெரியுமோ? ரெண்டடி போதும், ஏறி வாடா. பதினோரு மணிக்குக் கான்கிரீட்டு வந்துரும்."

"உன் இஷ்டம், முதலாளி" என்று சல்யூட் அடித்துவிட்டு ஏறி வந்தான்.

அவன் தோண்டுகிறேன் என்றான், மேவிஸ். நான்தான் நிறுத்தினேன்.

அடுத்த பிப்ரவரியில் மூலை இறங்கிக் கதவு பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு நாங்கள் வந்திருந்தோம். நீ கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு வந்து, "என்ன வேலை பாத்தீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டாய். நான் சொன்னது உனக்கும் நினைவிருக்கும். "என்னைக் கேக்காதே. தோண்டினவன் உன் புருஷன். மண்வெட்டியை விட டீக் கோப்பையைத்தான் அதிகமா தூக்கினான்" என்றேன். நீ சிரித்தாய், ஹில்டா சிரித்தாள்.

எர்னி சிரிக்கவில்லை. உருளைக்கிழங்கை மென்றுகொண்டே என்னைப் பார்த்தான். அவன் சட்டைப் பையில் மடித்த தாள் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. லம் போட்ட வரைபடத்தின் அதே நீல ஓரம். அன்று காலை கதவைச் சரிசெய்ய ரம்பம் எடுக்கிறேன் என்று என் வண்டிக்குள் போயிருந்தான். அப்போது எடுத்திருக்கிறான், படித்திருக்கிறான். அந்த மேஜையிலேயே அதை விரித்திருக்கலாம். வாயில் இருந்ததை விழுங்கினான். "ஆமா, முதுகு பிடிச்சுக்கிச்சு. ரெண்டடியோட விட்டுட்டேன்" என்றான்.

நாங்கள் கிளம்பும்போது வண்டி வரை வந்தான். ஹில்டா உன்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். மெதுவாகச் சொன்னான், "நாரிஸ், இனிமே ஏதாவது தாளு கீளு வந்தா எங்கிட்டக் கொண்டா. ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏன், எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றேன். அதற்குப் பிறகு அவன் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதே வருஷம் ஸ்கார்பரோவில் நல்ல வேலை என்று சொல்லிக்கொண்டு ஊரை விட்டு வந்தேன். வேலை ஒன்றும் அப்படி நல்ல வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை, அவ்வளவுதான். அடக்கத்தன்று பாதிரியார் நீட்டிய தாளை நான் ஏன் வாங்கவில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

அந்தப் பென்சில் எழுத்து என்ன சொன்னது என்று எனக்கு இத்தனை வருஷமும் தெரியாது. உன் கடிதத்தை வின்னி வாசித்தபோதுதான் முதல் முறையாகக் கேட்டேன். "கறுப்பாகத் தெரிந்தால் நிறுத்த வேண்டாம்." இன்னொரு தடவை வாசி என்றேன். காது கேட்கவில்லை என்று நினைத்து அவள் சத்தமாக வாசித்தாள்.

போன மாதம்கூட, நீ அந்தக் கூரைக்குக் கீழே செத்துவிடுவாயே என்று பதறி எழுதியபோதுகூட, பழியை மறுபடி அவன் மேல்தான் போட்டேன். செத்தவன் மேல். உன் உயிரைக் காப்பாற்ற வேண்டும், ஆனால் என் மானமும் போகக்கூடாது. எண்பத்து மூன்று வயதில் எனக்கு இருக்கிற புத்தி இது. நீ நன்றி சொல்லியிருக்கிறாய். அதைத் திருப்பி எடுத்துக்கொள்.

அவன் படத்தை அலமாரியிலிருந்து எடுத்து மாட்டு. வேறு எதுவும் கேட்க எனக்கு வாய் இல்லை.

நா. தாக்ரே


ஸ்கார்பரோ,
ஜூன் 19, 2023

மேவிஸ்,

இரண்டு மாதம் தாண்டிவிட்டது. பதில் இல்லை. குறை சொல்வதற்காக எழுதவில்லை, அது நியாயம்தான். தினமும் பதினொன்றரைக்குத் தபால்காரர் வருவார். நான் கீழே போய் நிற்பதில்லை. போய் நிற்பதாக வின்னி சொல்வாள், நம்பாதே.

படத்தை மாட்டிவிட்டாயா என்று மட்டும் தெரிந்தால் போதும். ஒரு வெற்றுத் தாளை உறையில் போட்டு அனுப்பினால்கூட மாட்டிவிட்டாய் என்று எடுத்துக்கொள்வேன்.

படுக்கை இன்னும் நாற்காலியில்தானா? டங்கன் வந்தானா?

நா. தாக்ரே


27, மில்பேங்க் தெரு,
டாட்மர்டன்.
அக்டோபர் 30, 2023

நாரிஸ்,

வெற்றுத் தாள் அனுப்பலாம் என்று ஒரு தடவை மேஜை வரை போனேன். உனக்கு அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

உன் கடிதத்தைப் படித்த அன்று நான் அழவில்லை. தேநீர் போட்டேன், குடித்தேன், கோப்பையைக் கழுவினேன். பிறகு உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன். உன் பொய் ஒன்று. நான் சொன்னவை எத்தனை? அவருடைய அறுபதாவது பிறந்தநாள் விருந்தில் நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று சொன்னேன், "இவருக்கு ஒரு மண்வெட்டி பரிசு குடுங்க, எப்படிப் பிடிக்கறதுன்னு கத்துக்கட்டும்." எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். அவரும்தான் தட்டினார். பால்காரனிடம் சொன்னேன். என் அம்மாவிடம் சொன்னேன். கதவை இடிக்கும்போதெல்லாம் சொன்னேன், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. நீதான் கணக்கில் புலியாயிற்றே, முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பார்.

அவருக்கு நடக்க முடிந்த கடைசி ஞாயிற்றுக்கிழமை. பறவைக்குத் தானியம் போடப் போகிறேன் என்று எழுந்தார். கதவு நகரவில்லை. தோளில் பலம் இல்லை. நான் போய் இடித்துத் திறந்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "ஒழுங்கா ஒரு பள்ளம் தோண்டியிருந்தா இப்ப இந்தப் பாடு இருக்காதுல்ல?" என்றேன். "ஆமா மேவிஸ், உனக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன்" என்றார். சொல்லிவிட்டுத் தானியத்தைப் போட்டார்.

உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோடை முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தேன். படிக்கத் தெரியாததற்காக இல்லை. அதை எங்களிடம் சொல்லாததற்காகக்கூட இல்லை. அந்த மேஜையில் நான் சிரித்தேனே, என்னைச் சிரிக்க வைத்தாயே, அதற்காக. எர்னிமேலும் கோபம் வந்தது. ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உன் மானத்தைக் காப்பாற்றியவர், என்னை என் நாக்கிலிருந்து காப்பாற்றவில்லை. நானும் கேட்கிற மாதிரி இருந்ததில்லை போலிருக்கிறது.

படம் ஏப்ரலிலேயே மாட்டியாகிவிட்டது. பூவும் வைத்தேன். இதைச் சொல்ல இத்தனை மாதம் ஆனதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

டங்கன் ஆகஸ்டில் வந்தான். அந்த மூலையில் ஐந்தடி போன பிறகுதான் மஞ்சள் களிமண் வந்தது. நானும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். "போதுமாம்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். இன்னும் ஒரு சாண் போ என்றேன். கூரை ஏறிவிட்டது. நடு அறை இருட்டாகும் என்றாயே, கொஞ்சம் இருட்டுதான். அதற்கு ஓட்டின் நடுவே ஒரு கண்ணாடிச் சதுரம் வைத்திருக்கிறான். நேற்று நல்ல மழை. படுத்துக்கொண்டு மேலே பார்த்தேன். சத்தமே இல்லை. பூனை மூச்சு விடுவது கேட்டது.

கதவைக் கழற்றி நேராக மாட்டியிருக்கிறான். முதல் நாள் பழக்கத்தில் தோளை வைத்து இடித்தேன், பறந்துபோய் மழைநீர்ப் பீப்பாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். திட்ட ஆள் இல்லை.

இனி உனக்குக் கடிதம் எழுதப்போவதில்லை. உனக்கு எழுதுவதெல்லாம் முதலில் வின்னிக்கு எழுதுவதாக இருக்கிறது. அவள் நல்லவள்தான், ஆனால் எர்னியை அவளுக்குத் தெரியாது. நீ என் எதிரே உட்கார்ந்து, நீயே உன் வாயால் சொல்ல வேண்டும். கத்திச் சொன்னாலும் பரவாயில்லை, தெருவே கேட்கட்டும். சொல்லி முடித்த பிறகு உனக்குச் சாப்பாடு போடுவேனா மாட்டேனா என்று இப்போது தெரியாது. போட்டால் ஈரல் இருக்காது.

இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். அதை வின்னி வாசிக்க வேண்டாம், உன் கையிலேயே கொடுக்கட்டும். வரவேண்டிய தேதி, ரயில் நேரம், பிளாட்பாரம், லீட்ஸில் மாறவேண்டிய ரயிலின் நேரம், அதன் பிளாட்பாரம், கடைசியில் வீட்டு எண். இந்த வரிசையில் இருக்கிறது.

ஸ்டேஷனுக்கு நான் வரமாட்டேன். பின்பக்கமாக வா. கதவு பூட்டியிருக்காது. இடிக்காதே, ஒரு விரல் போதும்.

மேவிஸ்


14 – 11
9.34
3
11.18
12
27